வட்டார வர்த்தக சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும், சேர்ந்த பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்காகவும், நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகவும் இதைத் தொகுத்திருக்கிறோம். சட்டமும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். வேலை நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வர்த்தக சங்கம் என்றால் சரியாக என்ன?

ஒரு வட்டாரத்தில் தொழில் செய்கிறவர்கள், துறை எதுவானாலும், ஒன்றுகூடி நடத்தும் அமைப்பு. இரும்பு வியாபாரியும் மென்பொருள் நிறுவனமும் ஆலை உரிமையாளரும் தணிக்கையாளரும் ஒரே மேசையில் உட்காரும் இடம். துறைவாரிச் சங்கம் ஒரே சரக்கைச் செய்பவர்கள், விற்பவர்களுக்கு மட்டுமானது. தொழிற்சங்கம் தொழிலாளர்களுக்கானது. அரசின் தொழில் அலுவலகம் அரசுத் திட்டங்களை நடத்துவதற்கு இருக்கிறது.

இந்த வேறுபாடு அன்றாட வேலையில் தெரியும். துறைவாரிச் சங்கம் தன் துறைக்குச் சலுகை கேட்கலாம். வர்த்தக சங்கம் அப்படிக் கேட்டால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் உறுப்பினரே எதிர்ப்பார். அதனால் அது கேட்பவை பொதுவானவையாக இருக்கும்: சாலை, மின்சாரம், உரிமம் கிடைக்க ஆகும் காலம், வரிப் படிவத்தில் உள்ள குழப்பம், வேலைக்கு ஆள் கிடைப்பது. பல தரப்பாரும் சண்டை போட்டு ஒப்புக்கொண்ட பிறகே ஒரு கோரிக்கை வெளியே வருகிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியும். சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதன் முத்திரைக்கும் அப்படியே. சரிபார்த்த பிறகே குத்தும் முத்திரைக்கு மட்டுமே மதிப்பு.

இது எவ்வளவு பழைய ஏற்பாடு?

வர்த்தக சங்கத்துக்குப் பல இடங்களில் 'வர்த்தக சபை' என்றும் பெயர். அந்தப் பெயரில் முதல் அமைப்பு பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் 1599இல் உருவானது. நியூயார்க்கில் 1768இலும், கிளாஸ்கோவில் 1783இலும், சென்னையிலும் மும்பையிலும் 1836இலும் சபைகள் தோன்றின. பெரும்பாலும் துறைமுக ஊர்கள் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு: வெளியூர்க்காரரோடு வியாபாரம் செய்ய, இரு தரப்பும் நம்பும் ஒரு மூன்றாம் தரப்பு அங்கேதான் முதலில் தேவைப்பட்டது. சர்வதேச வர்த்தக சபை 1919இல் அமைந்தது, தலைமையகம் பாரிஸ்.

தொழில் தொடங்கினால் கட்டாயம் உறுப்பினராக வேண்டுமா?

இரண்டு முறைகள் இருக்கின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வர்த்தக சபை பொதுச் சட்டத்தின் கீழ் அமைந்த அமைப்பு. ஜெர்மனியில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே உறுப்பினர்கள்; கைவினைத் தொழில்களுக்குத் தனிச் சபை உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் சேருவது விருப்பம். ஸ்பெயின் கட்டாய முறையில் இருந்து 2010இல் விருப்ப முறைக்கு மாறியது.

கட்டாய முறையில் வருமானம் நிலையாக இருக்கும், அரசுப் பணிகள் பல சபையிடம் ஒப்படைக்கப்படும். ஆனால் 'கட்டுகிறேன், என்ன கிடைக்கிறது?' என்ற முணுமுணுப்பு ஓயாது. விருப்ப முறையில் ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினரின் நம்பிக்கையைச் சம்பாதித்தாக வேண்டும். அதில் ஒரு நன்மை இருக்கிறது, ஆனால் சிறிய சங்கங்கள் நிகழ்ச்சி நடத்தியே காலம் தள்ளும் நிலைக்குப் போய்விடுகின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் விருப்ப முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

சேருவதற்கு என்ன வேண்டும்? கட்டணம் எப்படி?

தொழில் பதிவுச் சான்று, வரிப் பதிவு எண், உரிமையாளர் அல்லது இயக்குநரின் அடையாளச் சான்று, விண்ணப்பம். பல சங்கங்கள் ஏற்கெனவே உள்ள ஒருவரோ இருவரோ முன்மொழிய வேண்டும் என்று கேட்கும். விண்ணப்பம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்ட பிறகே உறுப்பினர் எண் வரும். கூட்டம் மாதம் ஒருமுறை என்றால், ஏற்றுமதி ஆவணம் நாளைக்கே வேண்டும் என்று இன்றைக்கு வந்து சேருபவருக்கு அது உதவாது. அப்படிப்பட்ட அவசரத்தில் உறுப்பினர் அல்லாதவருக்கான கட்டணத்தில் அந்தச் சேவையை மட்டும் பெறலாம். பெரும்பாலான சங்கங்கள் கொடுக்கின்றன.

கட்டணம் பணியாளர் எண்ணிக்கை அல்லது ஆண்டு விற்றுமுதலின்படி படிப்படியாக இருக்கும். பெரிய படியைக் காட்டினால் மரியாதை என்று நினைத்து உயர்த்திக் காட்டுபவர்களும் உண்டு, தேவையில்லை. வாக்குரிமை எல்லாப் படிக்கும் சமமா என்பதை மட்டும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து ஓராண்டு ஆயிற்று, ஒரு பயனும் தெரியவில்லை. ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, சங்கத்தை விற்பனை வாய்ப்பாக மட்டும் பார்ப்பது. கூட்டத்துக்கு வந்து பெயரட்டையை எல்லோர் கையிலும் திணித்துவிட்டுப் போகிறவருக்கு அழைப்பு வராது. அறைக்குள் இருக்கும் ஐம்பது பேரும் அவருடைய வாடிக்கையாளர்கள் இல்லை. அந்த ஐம்பது பேருக்குத் தெரிந்தவர்களில்தான் வாடிக்கையாளர் இருப்பார். தெரிந்தவரிடம் பரிந்துரைக்கும் அளவுக்கு நம்பிக்கை வர, ஒன்றாகச் சேர்ந்து ஏதாவது ஒரு வேலையைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தவறான ஆளை அனுப்புவது. முடிவெடுக்க முடியாத ஊழியர் ஒருவர் மாறி மாறி வந்தால் யார் முகமும் யாருக்கும் பதியாது. ஒரே ஆள், ஓராண்டு முழுக்க, ஒரே துணைக்குழு. இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, கேட்காமல் இருப்பது. சங்க அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவருக்கு எந்தத் துறையில் எந்த மேசையில் எந்தக் கோப்பு நிற்கும் என்பது தெரியும். உரிமம் தாமதமானால், ஏற்றுமதிச் சரக்கு சுங்கத்தில் நின்றால், மின் இணைப்பு மாற்றத்தில் சிக்கல் வந்தால், முதல் வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள். எண்ணும் தேதியும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்துக் கோபத்தோடு வருபவருக்கு உதவுவது மிகக் கடினம். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு போயிருக்கும்.

எதற்காகச் சேருகிறோம் என்பதைச் சேரும் அன்றே ஒரு வரியில் எழுதி, சங்க அலுவலகத்திடமும் கொடுங்கள். நல்ல சங்கம் மூன்றாம் மாதம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உங்களை அழைக்கும்.

மூலச் சான்றிதழ் எதற்கு? சங்கம் ஏன் அதைத் தருகிறது?

ஏற்றுமதியாளர்கள் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் என்று சொல்லும் மூலச் சான்றிதழ், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதை உறுதிப்படுத்துகிறது. இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கமோ, கடன் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) திறந்த வங்கியோ அதைக் கேட்கும். சுங்க நடைமுறைகளை எளிமையாக்க 1923இல் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கை, இந்தச் சான்றை வழங்கும் வேலையை வர்த்தக சபைகளிடம் விடுவதற்கு வழி செய்தது.

இதில் இரண்டு வகை. வர்த்தக ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை பெற உதவுவது முன்னுரிமைச் சான்று. சலுகை எதுவும் இல்லாமல் மூலத்தை மட்டும் சொல்வது சாதாரணச் சான்று. பெரும்பாலும் வட்டார சங்கங்கள் தருவது இரண்டாவது வகை. முதல் வகையை யார் தரலாம் என்பதை அந்தந்த ஒப்பந்தமும் அரசும் முடிவு செய்யும். விண்ணப்பிக்கும் முன் வாங்குபவரிடம் எது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணச் சான்றை அனுப்பிவிட்டு 'வரிச் சலுகை ஏன் கிடைக்கவில்லை' என்று பிறகு கேட்பது அடிக்கடி நடக்கிறது.

மூலச் சான்றிதழ் விண்ணப்பம் எங்கே தடுக்கிறது?

கொடுக்க வேண்டியவை: விலைப்பட்டியல், பெட்டிவாரிப் பட்டியல், சரக்கின் ஆறிலக்க எச்எஸ் குறியீடு (சரக்குகளை வகைப்படுத்தச் சுங்கங்கள் உலகெங்கும் பயன்படுத்தும் எண்), நீங்களே தயாரித்ததாக இருந்தால் உற்பத்தி அறிவிப்பு, வெளியே வாங்கியதாக இருந்தால் தயாரித்தவரின் விலைப்பட்டியலும் அறிவிப்பும்.

தடுக்கும் இடங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானவை. பெறுநர் பெயர் கடன் கடிதத்தில் ஒரு விதமாகவும் விண்ணப்பத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கும். மொத்த எடை பெட்டிவாரிப் பட்டியலோடு ஒத்துப்போகாது. சரக்கை அடுக்கும் மரப்பலகையின் எடையை ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டிருப்பார்கள். விலைப்பட்டியலைத் திருத்திப் புது எண் போட்டபின் பழைய எண் சான்றில் நிற்கும். இப்படி ஒரு முரண்பாட்டுக்காக வங்கி ஆவணத்தைத் திருப்பிவிட முடியும். கடன் கடிதங்களுக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600இன்படி வங்கி அதிகபட்சம் ஐந்து வங்கி நாட்களுக்குள் ஆவணத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். முரண்பாடு என்று சொல்லிவிட்டால் பணம் நிற்கும், துறைமுகத்தில் சரக்குக்கு வாடகை ஓடும். சான்றில் பேனாவால் திருத்தாதீர்கள். ரத்து செய்து புதிதாக வாங்குங்கள்.

மூலம் எது என்பதிலேயே தவறுபவர்கள் இன்னொரு வகை. வெளிநாட்டில் இருந்து மொத்தமாக வாங்கி, இங்கே சிறு பொட்டலமாக்கி, புதுச் சீட்டு ஒட்டினால் சரக்கு இந்த நாட்டில் உருவானதாக ஆகாது. பொட்டலம் மாற்றுவது, தரம் பிரிப்பது, கழுவுவது, எளிய முறையில் கலப்பது போன்றவை பொதுவாக மூலத்தை மாற்றுவதில்லை. சரக்கின் தன்மை மாறும் அளவுக்கு வேலை நடந்திருக்க வேண்டும்; எச்எஸ் குறியீட்டின் தலைப்பே (முதல் நான்கு இலக்கம்) மாறியிருக்கிறதா என்பது பல நாடுகள் வைத்திருக்கும் ஓர் அளவுகோல். சங்க ஊழியர் இதைக் கிளறிக் கேட்டால் வருத்தப்படாதீர்கள். கேட்காமல் முத்திரை குத்தும் சங்கத்தின் சான்றை ஒரு வெளிநாட்டுச் சுங்கம் ஒருமுறை சந்தேகப்பட்டால், அந்த வட்டாரத்தின் எல்லா ஏற்றுமதியாளரின் சரக்கும் சோதனைக்கு நிற்கும்.

கண்காட்சிக்கு மாதிரிச் சரக்கு கொண்டுபோக வேண்டும். வரி கட்டாமல் முடியுமா?

திரும்பக் கொண்டுவரும் சரக்கானால் முடியும். ஏடிஏ கார்னே என்ற ஆவணம் அதற்குத்தான். 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தொடங்கியது. சுமார் 80 நாடுகளும் சுங்கப் பகுதிகளும் ஏற்கின்றன. வணிக மாதிரிகள், தொழில் கருவிகள், கண்காட்சிப் பொருட்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஒவ்வொரு நாட்டிலும் இதை வழங்கவும் உத்தரவாதம் தரவும் அங்கீகாரம் பெற்ற சபை இருக்கும். உங்கள் வட்டார சங்கம் நேரடியாகத் தரலாம், இல்லாவிட்டால் அங்கே வழிகாட்டும்.

கார்னேயின் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. பொதுப்பட்டியலில் ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, தொடர் எண் இருக்க வேண்டும். வழங்கப்பட்ட பிறகு பட்டியலில் ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. இலவசமாகக் கொடுக்கும் துண்டறிக்கை, தின்று தீர்க்கும் மாதிரி, விற்கப்போகும் சரக்கு எதுவும் இதில் வராது. இறக்குமதி வரிக்கு ஈடாக ஒரு தொகையையோ வங்கி உத்தரவாதத்தையோ சபை பிடித்து வைத்துக்கொள்ளும்.

தவறு நடப்பது திரும்பி வரும்போது. சொந்த நாட்டை விட்டுப் போகவும் திரும்பி நுழையவும் மஞ்சள் தாள்கள். வெளிநாட்டுக்குள் நுழையவும் அங்கிருந்து வெளியேறவும் வெள்ளைத் தாள்கள். வழியில் கடந்துபோகும் நாட்டுக்கு நீலத் தாள்கள். கண்காட்சி முடிந்த களைப்பில், இரவு விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், வெளியேறும் வெள்ளைத் தாளில் சுங்க முத்திரை வாங்காமல் வந்துவிடுவார்கள். மாதங்கள் கழித்து அந்த நாட்டுச் சுங்கம் 'சரக்கு இங்கேயே இருக்கிறது, வரியைக் கட்டு' என்று உத்தரவாதம் கொடுத்த சபையிடம் கேட்கும். கார்னே காலாவதியானபின் ஓராண்டுக்குள் அவர்கள் கேட்கலாம். கேட்ட நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் சான்று காட்ட வேண்டும். சொந்த நாட்டுக்குள் நுழைந்தபோது வாங்கிய மஞ்சள் தாள் முத்திரை அப்போது காப்பாற்றும். அதையும் வாங்காதவருக்குப் பிடித்து வைத்த தொகை போகும். விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க மேசைக்குப் போங்கள். பொருளைப் பார்க்காமல் முத்திரை தரமாட்டார்கள்.

அரசிடம் சங்கம் மனு கொடுத்தால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

மனு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்கலாம். கடைத்தெருவில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை சரக்கு வண்டிக்குத் தடை என்று உத்தரவு வருகிறது. பொதுவாக எழுதப்படும் மனு, 'வியாபாரம் கடுமையாகப் பாதிக்கப்படுகிறது, தடையை உடனே நீக்க வேண்டும்' என்று முடியும். அதிகாரிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நெரிசல் இருப்பது உண்மை. தடையை நீக்கினால் பொதுமக்கள் அவரைக் கேட்பார்கள்.

உருப்படியான மனுவுக்குப் பத்து நாள் வேலை இருக்கிறது. தெருவில் எத்தனை கடை, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை வண்டி, ஒரு வண்டி இறக்க எத்தனை நிமிடம், எந்த மணிக்கு வருகிறது என்று ஒரு தாளில் உறுப்பினர்களே நிரப்ப வேண்டும். ஒரு வார நாளும் ஒரு சந்தை நாளும் தெருமுனையில் ஆள் நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை வண்டிகளை எண்ண வேண்டும். அப்போது பெரும்பாலும் ஒரு விஷயம் புலப்படும்: நெரிசல் நாள் முழுக்க இல்லை, காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும்தான். இப்போது கேட்பது வேறாகிறது: 'பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை இலகு வண்டிக்கு மட்டும் அனுமதி, ஒரு வண்டிக்கு இருபது நிமிடம், மூன்று மாதத்துக்குச் சோதனை முறையில்.' கூடவே திருத்த உத்தரவின் வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு எளிதாக இருப்பதுதான் நல்ல மனு.

கவிழ்ப்பவை: ஒரே மனுவில் பதினான்கு கோரிக்கை. அதிகாரம் இல்லாத மேசையில் கொடுப்பது. ஒரு பெரிய உறுப்பினரின் சொந்தப் பிரச்சினையை எல்லோருடையதாகக் காட்டுவது. இது வெளிவராமல் போகாது, வெளிவந்தால் அடுத்த மூன்று மனுவும் படிக்கப்படாது. உறுப்பினர்களுக்குள் உடன்பாடு இல்லாமல் போவதும் உண்டு: நடைபாதையை அகலமாக்குவதைச் சிறு கடைகள் விரும்பும், வண்டி நிறுத்த இடம் போகும் கடைகள் எதிர்க்கும். அப்படியானால் 'எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது' என்று இரண்டையும் காரணத்தோடு எழுதிக் கொடுப்பது நேர்மை, பலனும் தரும். அதன்பின் அந்தச் சங்கம் ஒருமனதாகச் சொல்லும்போது நம்புவார்கள்.

சங்கக் கூட்டத்தில் எதைப் பேசக் கூடாது?

விலை. இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது, இன்ன வட்டாரத்தை நீ எடுத்துக்கொள், இன்ன சப்ளையரிடம் யாரும் வாங்காதீர்கள், ஒப்பந்தப்புள்ளியில் நீ இந்தமுறை விட்டுக்கொடு. போட்டிச் சட்டம் உள்ள நாடுகளில் இவை குற்றம் அல்லது தண்டத்துக்குரியவை. 'கூட்டம் முடிந்தபின் சும்மா பேசினோம்' என்பது தற்காப்பாகாது. ஊழியருக்கு இன்ன சம்பளத்துக்கு மேல் தரக்கூடாது என்று உடன்படுவதும் பல நாடுகளில் இதே வகையில் சேரும்.

கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரல், முடிந்தபின் குறிப்பேடு, இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். யாராவது விலைப் பேச்சைத் தொடங்கினால் தலைவர் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் எழுந்து வெளியேறுங்கள், வெளியேறியதைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நல்லெண்ணத்தோடு நடந்த ஒரு பேச்சு சங்கத்தையே மூடும் அளவுக்குப் போகலாம்.

பணம் தராத வாடிக்கையாளரோடு தகராறு. சங்கம் தீர்த்து வைக்குமா?

நீதிமன்றம் போல் உத்தரவிட முடியாது. சமரசம் செய்து வைக்கும், அல்லது இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் நடுவர் தீர்ப்புக்கு ஏற்பாடு செய்யும். சமரசத்தில் முடிவை இரு தரப்பாரும் எடுக்கிறார்கள். நடுவர் முறையில் நடுவர் சொல்வது கட்டுப்படுத்தும். சர்வதேச வர்த்தக சபையின் நடுவர் மன்றம் 1923 முதல் இயங்குகிறது. 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், அந்நிய மண்ணில் நடுவர் தந்த தீர்ப்பை அமலாக்குவது, அந்நிய நீதிமன்றத் தீர்ப்பை அமலாக்குவதைவிடப் பொதுவாக எளிது.

கோளாறு எப்போதும் ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒற்றைப் பத்தியில்தான். இல்லாத அமைப்பின் பெயரை எழுதியிருப்பார்கள். அல்லது 'நடுவர் தீர்ப்பு அல்லது நீதிமன்றம்' என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். பத்தியில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: எந்த அமைப்பின் விதிகள், நடுவர் ஒருவரா மூவரா, நடுவர் விசாரணைக்குச் சட்டப்படியான இடம் எது, விசாரணை எந்த மொழியில், ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம். சிறு தொகைக்கு மூன்று நடுவர் என்று எழுதாதீர்கள். செலவு தொகையைத் தாண்டிவிடும்.

ஒரே ஆள் நடத்தும் தொழிலுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எல்லாம் வேண்டாம். வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர் மாதக் கூட்டங்களை விடலாம். வாங்குவோர்–விற்போர் சந்திப்பு, வரி மாற்றம் வரும்போது நடக்கும் விளக்கக் கூட்டம், உறுப்பினர் பட்டியலில் சரியான விவரம் ஆகிய மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'வணிகம்' என்று எழுதுவதால் யாரும் தேடி வரமாட்டார்கள். என்ன செய்கிறீர்கள், எவ்வளவு அளவு வரை செய்ய முடியும், எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுதுங்கள்.

வாங்குவோர்–விற்போர் சந்திப்புக்கு வருமுன் வாங்குபவரின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். பெரிய நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி முதலில் கேட்பது விலையை இல்லை: மாதம் எவ்வளவு தர முடியும், தரச் சான்று உண்டா, எத்தனை நாள் கடனில் தருவீர்கள். கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டியவர்கள், ஆர்டர் கிடைத்தபின் நடைமுறை மூலதனம் (அன்றாடச் செலவுக்கான பணம்) இல்லாமல் தவிப்பதுண்டு.

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. சங்கம் என்ன செய்யும்?

ஜெர்மனியில் நிறுவனத்தில் வேலை, பள்ளியில் பாடம் என்று இணைந்து நடக்கும் தொழில் பயிற்சிக்கு வர்த்தக சபையே தேர்வு நடத்திச் சான்று தருகிறது. எல்லா நாட்டிலும் அந்த அதிகாரம் இல்லை. ஆனால் ஐந்தாறு நிறுவனங்களின் தேவையை ஒன்றுசேர்த்து, பக்கத்துப் பயிற்சி நிலையத்திடம் 'இந்த இயந்திரம், இந்த அளவுகோல், ஆண்டுக்கு இத்தனை பேர்' என்று சொல்ல எந்தச் சங்கத்தாலும் முடியும். 'திறன் உள்ள ஆள் வேண்டும்' என்று சொன்னால் பாடத்திட்டம் மாறாது. பயிற்சிக்கு வருபவருக்கு உதவித்தொகையும் முடித்தபின் நேர்காணலும் உறுதியாக இருந்தால்தான் இடையில் நிற்பது குறையும்.

ஊருக்கு இதனால் என்ன பலன்?

நன்கொடையும் மரக்கன்றும் நல்லவைதான். சங்கத்தால் மட்டுமே செய்யக்கூடியது வேறு இருக்கிறது, பேரிடர் சமயத்தில் அது தெரியும். வெள்ளமோ புயலோ வந்தால் யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் லாரி, யாரிடம் கிடங்கு, யாரிடம் குடிநீர் இருக்கிறது என்ற பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும். கடை எண் அல்ல, உரிமையாளரின் கைபேசி எண். ஆண்டுக்கு இருமுறை அழைத்துச் சரிபார்க்காத பட்டியலில் பாதி எண் வேலை செய்யாது. அந்தப் பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோதுதான் தேவைப்படும்.

முதல் மூன்று நாளில் சங்கம் செய்ய வேண்டியது சேதக் கணக்கு. கடை திறந்திருக்கிறதா, இல்லையென்றால் தடுப்பது எது, சரக்குச் சேதம் எவ்வளவு, காப்பீடு உண்டா, எத்தனை ஊழியர் வர முடியவில்லை என்று ஐந்து கேள்வி போதும். சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சேற்றைக் கழுவிய பிறகு காப்பீட்டு மதிப்பீட்டாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

நிவாரணத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். முதல் சில நாள் பொருளாகக் கொடுப்பது சரி. கடைகள் திறந்த பிறகும் வெளியூரில் இருந்து லாரி லாரியாக இலவசப் பொருள் வந்தால், கடன் வாங்கித் திறந்த உள்ளூர்க் கடைக்கு வியாபாரம் இருக்காது. அந்தக் கட்டத்தில் நன்கொடையை உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாக மாற்றிக் கொடுத்தால், குடும்பத்துக்கு வேண்டியதும் கிடைக்கும், கடைக்கும் காசு சுற்றும். கூப்பனுக்கு வரிசை எண் போடுங்கள். கடைக்காரருக்கு ஒரு வாரத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். நிவாரண நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, முடிந்ததும் வெளியிடப்பட்ட கணக்கு.

நல்ல சங்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில். தலைவருக்குப் பதவிக்கால வரம்பு உண்டா என்று பாருங்கள். கடந்த ஆண்டு புதுப்பித்த உறுப்பினர் எத்தனை சதவீதம் என்று விசாரியுங்கள். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் விளம்பர ஆதரவில் இருந்து வந்தால், அந்த நிறுவனத்துக்கு எதிராக ஒரு மனு அங்கிருந்து வராது. கடைசியாக, சென்ற ஆண்டு கொடுத்த மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் அலுவலகத்தில் கோப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இதுவே சிறந்த அளவுகோல்.

சங்கத்தின் பெயரில் ஒரு கட்டணச் சீட்டு வந்திருக்கிறது. கட்டலாமா?

பொறுங்கள். புதிதாகப் பதிவான நிறுவனங்களின் முகவரியைப் பொதுப் பதிவேட்டில் இருந்து எடுத்து, 'தொழில் விவரத் தொகுப்பு', 'சர்வதேச வணிகப் பதிவு' என்ற பெயரில் அரசு முத்திரை போன்ற ஒன்றைப் போட்டு அனுப்புவது பல நாடுகளில் நடக்கும் ஏமாற்று. சிறிய எழுத்தில் 'இது சலுகை அறிவிப்பு' என்றிருக்கும். பணம் கட்டினாலோ கையெழுத்திட்டு அனுப்பினாலோ மூன்றாண்டு ஒப்பந்தம் என்பார்கள். சீட்டில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். சங்கத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது என்று வரும் மின்னஞ்சலுக்கும் இதே விதி.

எங்கள் வட்டாரத்தில் சங்கமே இல்லை. தொடங்க முடியுமா?

முடியும். முதலில் பதிவு செய்யாதீர்கள். முதலில் ஒரு வேலையை முடியுங்கள். வெவ்வேறு துறையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, எல்லோரையும் தொந்தரவு செய்யும் ஒரே பிரச்சினையை எடுத்து ஆறு மாதத்தில் ஓரளவாவது தீருங்கள். தெருவிளக்கு, குப்பை அள்ளும் நேரம், வடிகால், எதுவானாலும் சரி. அதில் யார் சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நிர்வாகக் குழுவுக்கு அவர்களைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு விதிமுறை எழுதுங்கள்: உறுப்பினர் தகுதி, வாக்குரிமை, பதவிக்காலம், நலன் முரண்பாடு வந்தால் விலகும் விதி, கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை, கலைத்தால் சொத்து யாருக்கு. கடைசி விதியை விட்டுவிட்ட சங்கங்கள் நீதிமன்றத்தில் நிற்பதுண்டு. உங்கள் நாட்டில் சங்கப் பதிவா, லாபநோக்கற்ற நிறுவனமா எது பொருந்தும் என்பதை ஒரு தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் ஆண்டில் கட்டடம் தேடாதீர்கள். பகுதி நேரத்துக்காவது சம்பளம் கொடுத்து ஒரு செயலாளரை வையுங்கள். உறுப்பினர்கள் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டு சங்க வேலையையும் செய்வார்கள் என்ற நம்பிக்கை இரண்டாம் ஆண்டில் உடைந்துவிடும். தொலைபேசியை எடுக்க, கடிதத்துக்குப் பதில் போட, கோப்பைப் பின்தொடர ஒருவர் இருந்தால்தான் வேலை நகரும். ஏற்கெனவே இயங்கும் பக்கத்து வட்டாரச் சங்கத்திடமோ மாநில, தேசியக் கூட்டமைப்பிடமோ இணைப்பு கேளுங்கள். சான்றிதழ் வழங்கும் அங்கீகாரம் பெறக் காலம் ஆகும். அதுவரை அவர்கள் மூலமாக உங்கள் உறுப்பினர்களுக்கு அந்தச் சேவையை வாங்கிக் கொடுக்கலாம்.